சம்பள ஸ்லிப் இல்லாத தறிக்காரர்... பிரிந்து வாழும் மனைவி, குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் எப்படி முடிவாகுது? முழு விளக்கம்

கணவன் ஐடி கம்பெனியில் வேலை பார்த்தால் சம்பள ஸ்லிப் இருக்கும். அரசு ஊழியராக இருந்தால் சம்பளப் பட்டியல் இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்பவருக்கு என்ன இருக்கு? சேலைக்கு இவ்வளவு என்று கூலி, அதில் பாதி பழைய அட்வான்ஸுக்குக் கழிவு, மீதி கையில்.

இப்படி ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் பிரிந்து, குழந்தைகள் அம்மாவோடு இருந்தால், அப்பா மாசம் எவ்வளவு கொடுக்கணும்? அதை யார் முடிவு பண்றாங்க? "எனக்கு வருமானமே இல்லை" என்று அவர் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஃபார்முலா ஏதாவது இருக்கா?

இந்தியாவில் இல்லை. இதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பிரிட்டனில் இதற்கென்றே ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. பிரிந்து போன பெற்றோரின் மொத்த வருமானத்தில் ஒரு குழந்தை என்றால் 12 சதவீதம், இரண்டு குழந்தைகள் என்றால் 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19 என்பது அங்கே அடிப்படை விகிதம். குழந்தை எத்தனை இரவுகள் யாரிடம் தங்குகிறது என்பதைப் பொறுத்து அது குறையும். கிட்டத்தட்ட கால்குலேட்டர் கணக்கு.

நம் நாட்டில் ஒவ்வொரு வழக்கையும் நீதிபதி தனியாகப் பார்த்துத்தான் தொகையைச் சொல்வார். "சம்பளத்தில் 25 சதவீதம்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 2017-ல் கல்யாண் தே சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் மனைவிக்கான தொகை பற்றிச் சொன்னது. கணவனின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று அந்த வழக்கில் சொன்னார்கள். எல்லோருக்கும் பொருந்தும் சட்ட விதி கிடையாது. குழந்தைக்கான தொகைக்கும் அது அளவுகோல் இல்லை.

எந்தச் சட்டத்தில் கேட்கலாம்?

ஒரே ஒரு வழி என்று இல்லை. நான்கு கதவுகள் இருக்கின்றன.

1. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 144வது பிரிவு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது. எந்த மதத்தினரும் இதில் கேட்கலாம். பெற்றோருக்குத் திருமணம் நடந்ததா இல்லையா என்பது குழந்தைக்குத் தடை இல்லை. சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் உரிமை உண்டு.

2. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956: இதன் 20வது பிரிவு குழந்தைகளைப் பராமரிக்கும் கடமையை அப்பா, அம்மா இருவர் மேலும் வைக்கிறது.

3. இந்து திருமணச் சட்டம் 1955: விவாகரத்து வழக்கு நடக்கும்போதோ முடியும்போதோ, 26வது பிரிவின் கீழ் குழந்தையின் பொறுப்பு, படிப்பு, செலவு மூன்றையும் சேர்த்தே கோர்ட் முடிவு செய்யலாம். பிறகு நிலைமை மாறினால் உத்தரவை மாற்றவும் செய்யலாம்.

4. குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் 2005: அடி, உதை, விரட்டல் என்று பாதிக்கப்பட்ட பெண் தனக்கும் குழந்தைகளுக்கும் 20வது பிரிவில் பணம் கேட்கலாம்.

முஸ்லிம் குழந்தைகளுக்கும் 125வது பிரிவு பொருந்தும் என்று 1997-லேயே நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் அந்தப் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் மறுபடியும் உறுதியானது.

இரண்டு சட்டங்களில் வழக்கு போட்டால் இரண்டு தொகையும் முழுசாக வருமா? வராது. ஒரு வழக்கில் ஏற்கெனவே வந்த உத்தரவை அடுத்த கோர்ட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அடுத்த தொகை முடிவாகும்.

எந்த ஊர் கோர்ட்டில் போடணும்?

கல்யாணம் ஆகி ஆரணிக்கோ சென்னைக்கோ போன பெண், பிரச்சினை வந்ததும் குழந்தைகளோடு காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கணவன் இருக்கும் இடம், மனைவி இப்போது வசிக்கும் இடம், கடைசியாக இருவரும் சேர்ந்து வாழ்ந்த இடம், இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் ஜீவனாம்ச மனு போடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள பகுதியில் அங்கேயும், இல்லாத பகுதியில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கோர்ட்டிலும் மனு தாக்கல் ஆகும்.

தொகையை எதை வைத்து முடிவு பண்றாங்க?

இப்போது நாடு முழுக்க கோர்ட்டுகள் பின்பற்றுவது, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களை. அந்த வழக்கே ஒரு பாடம். 2013-ல் போட்ட மனுவில், 2015-ல் நாக்பூர் குடும்ப நல நீதிமன்றம் மனைவிக்கு மாதம் 15,000 ரூபாய், மகனுக்கு முதலில் 5,000, பிறகு 10,000 என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்தப் பணத்தை வாங்குவதற்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 7 வருடம் இழுத்தது. "இனி இப்படி இழுக்கக் கூடாது" என்றுதான் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு எல்லா கோர்ட்டுகளுக்கும் பொதுவான நடைமுறையை வகுத்தது.

அதன்படி பார்க்கப்படும் விஷயங்கள்:

• அப்பா, அம்மா இருவரின் வருமானம், சொத்து, கடன்
• பிரிவதற்கு முன் குழந்தைகள் எந்த வசதியில் வாழ்ந்தார்கள்
• குழந்தையின் வயது, படிப்பு, உடல்நலம்
• சாப்பாடு, உடை, தங்கும் இடம், மருத்துவம், பள்ளிச் செலவு
• டியூஷன், தொழில் பயிற்சி போன்ற கூடுதல் படிப்புச் செலவு
• பணம் கொடுக்க வேண்டியவரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள்
• குடும்பத்துக்காக மனைவி வேலையை விட்டாரா

படிப்புச் செலவு பொதுவாக அப்பாவைச் சேரும் என்றும், அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் இருவரும் வருமானத்துக்கு ஏற்ப பகிர்ந்துகொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

கடைசியாகச் சொன்ன காரணம் காஞ்சிபுரத்துக்கு ரொம்ப முக்கியம். தறி வீட்டில் சேலையை நெய்வது ஒருவர் மட்டும் இல்லை. தார் சுற்றுவது, இழை அறுந்தால் முடிவது, கோர்வை சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுப்பது என்று மனைவியின் வேலை அதில் பெரும் பங்கு. ஆனால் கூலி நுழைவது கணவன் பெயரில். பிரிந்து வந்ததும் அந்தப் பெண்ணுக்கு தறியும் இல்லை, கூலிப் பதிவும் இல்லை. "இவங்களுக்கு நெசவு தெரியும், சம்பாதிச்சுக்கலாமே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வேலை தெரியும் என்பதும், இன்றைக்கு கையில் வருமானம் இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. இதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

"எனக்கு வருமானமே இல்லை" என்று சொன்னால்?

வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன், செலவு விவரங்களைச் சத்தியப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரஜ்னேஷ் தீர்ப்பில் இதற்கான மாதிரிப் படிவங்களே இருக்கின்றன. விவசாயத்தை நம்பி வாழ்பவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று, மேகாலயா மாநிலத்துக்குத் தனியாக ஒன்று. அதில் பொய் சொன்னது தெரிந்தால் தனியாக வழக்குப் பாயும்.

உடம்பில் தெம்பு உள்ளவர் "வேலை இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உடல் உழைப்பு செய்தாவது மனைவி, குழந்தைகளைக் காப்பாற்றுவது கடமை என்று 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருமானத்துக்கு ஆதாரமே கிடைக்காத சில வழக்குகளில், அந்த வேலைக்கான குறைந்தபட்ச கூலியை அளவாக வைத்து உயர் நீதிமன்றங்கள் கணக்குப் போட்டிருக்கின்றன.

தறிக்காரரின் வருமானத்தை எப்படிக் காட்டுவது?

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் இரண்டு வகை. கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருந்து சங்கத்துக்கு நெய்பவர்கள். தனியார் முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி கூலிக்கு நெய்பவர்கள்.

சங்க உறுப்பினர் என்றால் வேலை சுலபம். எத்தனை சேலை கொடுத்தார், என்ன கூலி ஏறியது, போனஸ் எவ்வளவு, சேமிப்புத் திட்டத்தில் எவ்வளவு பிடித்தம் என்று எல்லாமே சங்கக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை மனைவி நேரில் கேட்டால் தர மாட்டார்கள். கோர்ட் மூலம் வரவழைக்கச் சொல்லி மனு போடலாம்.

தனியாரிடம் நெய்பவர் என்றால், கீழே உள்ளவை உதவும்:

• வங்கிக் கணக்கு விவரம், ஜிபே, போன்பே வரவுகள்
• கூலி நோட்டு, அட்வான்ஸ் சீட்டு ஆகியவற்றின் போட்டோ
• வீட்டில் எத்தனை தறி என்பதற்கான போட்டோ, கைத்தறிக்கான மின் இணைப்பு ரசீது
• நெசவாளர் அடையாள அட்டை
• சொந்த வீடு, மனை, வண்டி, நகைக் கடன் விவரங்கள்

இன்னொரு விஷயம், ஒரு மாதக் கணக்கை மட்டும் காட்டாதீர்கள். முகூர்த்த சீசனில் வேலை நெருக்கும். அடைமழையில் தெருவில் பாவு போட முடியாமல் தறி சும்மா நிற்கும். குறைந்த மாதத்தை அவர் காட்டுவார், அதிகமான மாதத்தை இவர் காட்டுவார். 12 மாத வரவைக் கூட்டி வகுத்துக் காட்டினால்தான் நம்பும்படி இருக்கும்.

அட்வான்ஸ் கடனைக் கழிப்பாங்களா? சட்டப்படியான கட்டாயப் பிடித்தங்களை கோர்ட் ஏற்கும். சொந்த விருப்பத்தில் வாங்கிய கடன், தவணை எல்லாவற்றையும் கழித்துவிட்டு "மிச்சம் எதுவும் இல்லை" என்று சொன்னால் பொதுவாக ஏற்பதில்லை. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் எப்போது வாங்கியது, எதற்குச் செலவானது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. பிரிவதற்கு முன் வீட்டு வைத்தியச் செலவுக்கு வாங்கிய கடன் வேறு, நோட்டீஸ் வந்த பிறகு எழுதிய கடன் வேறு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்விட்ட தறி வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. சம்பளம் வங்கியில் ஏறுகிறது, பி.எஃப் கணக்கு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு குழந்தைகள், அம்மாவோடு இருக்கிறார்கள். மாதச் செலவு:

• பள்ளிக் கட்டணம் (மாத சராசரி): 2,500 ரூபாய்
• வேன்: 1,000
• சாப்பாடு: 5,000
• மருத்துவம், உடை: 1,500
• வீட்டு வாடகையில் குழந்தைகளின் பங்கு: 2,000

மொத்தம் 12,000 ரூபாய். அப்பாவின் மாத வருமானம் 24,000, பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு 12,000 என்றால், விகிதம் இரண்டுக்கு ஒன்று. அப்பாவின் பங்கு 8,000, அம்மாவின் பங்கு 4,000.

பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும்போது வருமான விகிதப்படி பகிர வேண்டும் என்பது 2000-ல் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. அந்த வழக்கிலும் விகிதம் இரண்டுக்கு ஒன்றுதான்.

அம்மாவுக்கு வருமானமே இல்லை என்றால் முழு 12,000-மும் அப்பா தலையில் விழுமா? அவசியம் இல்லை. 24,000-ல் அவரும் வாழணும், வயதான பெற்றோர் இருந்தால் அவர்களையும் பார்க்கணும். அதே நேரம் மனைவி தனக்கென்று தனியாகவும் தொகை கேட்பார். எல்லாவற்றையும் வைத்துத்தான் நீதிபதி ஒரு எண்ணுக்கு வருவார். அதனால்தான் ரசீதுகள் முக்கியம். "பசங்களுக்கு நிறைய செலவாகுது" என்று சொல்வதற்கும், பள்ளி ரசீது, வேன் ரசீது, மருந்துக் கடை பில்லை வரிசையாக வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பணம் எந்த தேதியில இருந்து வரும்?

மனு தாக்கல் செய்த தேதியில் இருந்து. தீர்ப்பு 2 வருடம் கழித்து வந்தாலும், மனு போட்ட நாளில் இருந்து கணக்கிட்டு நிலுவையைக் கொடுக்க வேண்டும் என்பதும் ரஜ்னேஷ் தீர்ப்பில் வந்த உத்தரவுதான். அதனால் "பேசிப் பார்க்கலாம், பெரியவங்க சொல்லட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்தால், காத்திருந்த மாதங்களுக்கான பணம் போய்விடும்.

வழக்கு முடியும் வரை என்ன பண்றது? இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததில் இருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதம் ஆகும். ஆனாலும் மனுவோடு சேர்த்தே இடைக்கால மனுவையும் போடுவதுதான் சரி.

இன்னொரு பழைய தகவல்: 2001 வரை மத்தியச் சட்டத்தின் 125வது பிரிவில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த வரம்பு அந்த ஆண்டு திருத்தத்தில் நீக்கப்பட்டது. "அதிகபட்சம் 500 தான் தருவாங்க" என்று இன்றும் யாராவது சொன்னால் நம்பாதீங்க.

உத்தரவு வந்தும் கொடுக்கலைன்னா?

மாதம் தவறினால் அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு போடலாம். பாக்கித் தொகையை அபராதம் போல வசூலிக்க வாரன்ட் பிறப்பிக்கலாம். அப்படியும் வரவில்லை என்றால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்க முடியும். பாக்கி விழுந்த தேதியில் இருந்து ஒரு வருடத்துக்குள் இந்த மனுவைப் போட வேண்டும். இது பலர் கோட்டை விடும் இடம்.

"ஜெயிலுக்குப் போய்ட்டு வந்துட்டேன், கணக்கு தீர்ந்துச்சு" என்று சொல்ல முடியாது. சிறை என்பது பணத்தை வசூலிக்கும் ஒரு வழி. பாக்கி அப்படியே நிற்கும் என்று 1989-ல் குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

காஞ்சிபுரம் மாதிரி ஊருக்கு ரொம்பப் பயன்படக்கூடியது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20வது பிரிவில் உள்ள ஒரு வசதி. பணம் கொடுக்க வேண்டியவரின் முதலாளியோ, அவருக்குப் பணம் தர வேண்டிய நபரோ, அதில் ஒரு பகுதியை நேரடியாக மனைவியிடம் கொடுக்கவோ கோர்ட்டில் கட்டவோ நீதிபதி உத்தரவிடலாம். மாதச் சம்பளம் இல்லாதவருக்கும் இது பொருந்தும். அதாவது, நெய்து கொடுத்த சேலைக்கான கூலி அவர் கைக்குப் போவதற்கு முன்பே அதில் ஒரு பங்கைக் குழந்தைகளுக்காகத் திருப்ப வழி இருக்கிறது.

எத்தனை வயசு வரைக்கும்?

பொதுவாக 18 வயது வரை. உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் 18-க்குப் பிறகும் உண்டு. திருமணம் ஆகாத, சொந்த வருமானம் இல்லாத இந்து மகள், 18 தாண்டினாலும் 1956 சட்டத்தின் கீழ் அப்பாவிடம் கேட்கலாம் என்று 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மகன் காலேஜில் சேர்ந்தால்? இங்கேதான் இடைவெளி. பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் 18 ஆகிவிடும். பெரிய செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இலங்கையில் 1999-ம் ஆண்டு பராமரிப்புச் சட்டம் 18 முதல் 25 வயது வரையிலான பிள்ளைகளையும் தனி வகையாக ஏற்கிறது. இங்கே அப்படி இல்லாததால், சமரசமாகப் பிரிபவர்கள் காலேஜ் செலவை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குழந்தையைப் பார்க்க விடலை, அதனால பணம் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லலாமா?
முடியாது. பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்பு வேறு. பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனியாக மனு போடணும். அதேபோல, பணம் வரவில்லை என்பதற்காக குழந்தையைக் காட்ட மறுப்பதும் சரியில்லை.

மனைவி மேல் தப்பு என்று நிரூபித்தால் குழந்தைக்கும் பணம் நின்றுவிடுமா?
நிற்காது. சில காரணங்களால் மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்கப்படலாம். அந்தக் காரணங்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

பெரியவர்கள் முன்னிலையில் "மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கிட்டேன், இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாச்சு. என்ன செய்வது?
அம்மா எழுதிக் கொடுத்ததால் குழந்தையின் உரிமை போய்விடாது என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. வாங்கிய தொகை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டால்?
முதல் குடும்பத்துக் குழந்தைகளின் உரிமை அப்படியே இருக்கும். புதுக் குடும்பத்தின் செலவையும் கோர்ட் பார்க்கும், அவ்வளவுதான்.

குழந்தைகள் அப்பாவிடம் இருந்தால் அம்மா கொடுக்கணுமா?
அம்மாவுக்குப் போதுமான வருமானம் இருந்தால், ஆம். இது ஆண்களுக்கு மட்டுமான கடமை இல்லை.

இன்று போட்ட தொகை 5 வருஷம் கழித்துப் போதுமா?
போதாது என்றால் உயர்த்தக் கேட்கலாம். கொடுப்பவரின் வேலை போனால் அவரும் குறைக்கக் கேட்கலாம். சில வழக்குகளில் உயர்வை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். 2025 மே மாதம் ராக்கி சாதுகான் வழக்கில், மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய், 2 வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைக்கான மனுவிலும் இப்படி ஒரு உயர்வைக் கேட்டு வைக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். தேசிய சட்ட உதவி எண் 15100. பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் உதவி எண் 1098.

போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பள்ளி மற்றும் மருத்துவ ரசீதுகள், கணவரின் வருமானம் பற்றி இருக்கும் எந்தத் துண்டுச் சீட்டும். எல்லாம் இல்லையே என்று தள்ளிப் போட வேண்டாம். விடுபட்டதைப் பிறகு சேர்க்கலாம். பணம் கணக்காவது மனு போட்ட தேதியில் இருந்துதான்.

(இது பொதுவான தகவலுக்காக. உங்கள் வழக்குக்கு ஏற்ற முடிவை வக்கீலிடம் கேட்டு எடுக்கவும்.)